மேசைக்கு அடியில் போன கிளாஸ்கள்

நான் பாரில் பாடியவள். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலருடைய முகம் ஒரு மாதிரி கோணிக்கொள்ளும். கோணட்டும். கோயில் திருவிழாவில் பாடியிருக்கிறேன், கல்யாண ரிசப்ஷன்களில் பாடியிருக்கிறேன், பெரிய அரங்கம் ஒன்றில் கோரஸ் வரிசையில் நின்று வாயசைத்தும் இருக்கிறேன். அங்கெல்லாம் கிடைக்காத ஒரு மரியாதை எனக்குக் காட்டுப்பாக்கத்தில், பரோட்டாக் கல்லின் புகைக்கும் சிகரெட் புகைக்கும் நடுவில் கிடைத்தது. அந்த மரியாதையே என் பாட்டுக்கு உலை வைக்கப் பார்த்தது என்பது வேறு கதை. இல்லை, அதுதான் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். ஒரு பிரிவு ஃபிட்டர்களுக்கெல்லாம் அவர்தான் மேலாள். நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டுக்குள் திருநெல்வேலிப் பேச்சு, பக்கத்து வீட்டில் சேலம், எதிர்வீட்டில் தஞ்சாவூர், தெருவில் இறங்கினால் மெட்ராஸ். நான் படிப்பை முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செட் உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க வாஷரும் போல்ட்டும். வாய் மட்டும் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டை முனகிக்கொண்டே இருக்கும்.

அப்பா குடியைத் தொட்டதில்லை. தொட்டவர்களைத் திட்டியதும் இல்லை, அதுதான் பயங்கரம். காலை ஷிப்டுக்கு எவனாவது வாடையோடு வந்தால் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்கு வீட்டுக்குப் போ. நாளைக்குக் குளிச்சிட்டு வா" என்று மட்டும் சொல்வாராம். மேலிடத்துக்கு எழுதிப்போட மாட்டார். எழுதிப்போட்டிருந்தால்கூட அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். அப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டால் டீக்கடை வாசலில் நாலைந்து பீடிகள் ஒரே சமயத்தில் செருப்புக்கு அடியில் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த அப்பாவிடம்தான் பாய் வந்து பேசினார். பூந்தமல்லியில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாரம் முழுக்கக் குனிந்திருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் நிமிர்ந்து கீபோர்டின் முன்னால் நிற்பார். சொந்தமாக ஒரு ஆர்க்கெஸ்ட்ரா. எங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளையார் சதுர்த்திக்கு அவர்கள் குழு வந்தபோது, அவர்களுடைய பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் நான் ஒரு பாட்டுப் பாடியிருந்தேன். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பாடகி கல்யாணமாகி ஊரைவிட்டே போய்விட்டாராம்.

"காட்டுப்பாக்கத்துல தோட்டத்து ஓட்டல் ஒண்ணு கீது சார். சனிக்கெழம சனிக்கெழம நம்ம கச்சேரி. பார்தான். மறைச்சு சொல்ல மாட்டேன்" என்றார் பாய்.

அடுப்படியில் ஒரு பாத்திரம் சத்தமாகக் கீழே வைக்கப்பட்டது. அது அம்மாவின் பதில். அப்பா பாயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, பாடுதியா?"

பாடுகிறேன் என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததென்று தெரியவில்லை. ஸ்டோரில் வாஷர் எண்ணிக்கொண்டே கிழவியாகிவிடுவோமோ என்ற பயம் எனக்கு உள்ளுக்குள் இருந்தது, அது பேசியிருக்க வேண்டும்.

"அப்ப நானும் வாரேன். முன்னாடி மேசையில உக்காந்திருப்பேன்" என்றார் அப்பா.

அம்மா ஈரக் கையோடு வெளியே வந்து அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "நீங்க கூட இருந்தாத்தான் அவ பாடணும். ஒருநாள் நீங்க போவலன்னா அவளும் போவக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்." அப்பா தலையாட்டினார். இப்படியாக ஒப்பந்தம் முடிந்தது.

முதல் சனிக்கிழமை அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனபோது எனக்குச் சினிமாவில் பார்த்த பார்தான் மனதில் இருந்தது. சிவப்பு விளக்கு, வில்லன், சுழலும் கண்ணாடி உருண்டை. போய் இறங்கினால் ஒரு மாந்தோப்பு. மரத்துக்கு மரம் சீரியல் பல்பு. நடுவில் நீளமான கீற்றுக் கொட்டகை, தரை முழுக்க ஆற்றுமணல், அதன் மேல் தகர மேசைகள். ஒரு பக்கம் பெரிய கல்லில் பரோட்டா புரள்கிறது, இன்னொரு பக்கம் நெத்திலி எண்ணெயில் சடசடக்கிறது. மிளகும் கறிவேப்பிலையும் கருகும் வாசனையில் பீர் நாற்றம்கூட அடங்கிக் கிடந்தது. வேலை முடித்து வந்த ஆண்கள், பாதிப் பேர் சட்டைப் பையில் இன்னும் பேனாவோடும் அடையாள அட்டையோடும், அவித்த கடலையை உரித்துக்கொண்டு கதை பேசினார்கள். வீட்டில் இவர்கள் இவ்வளவு சிரிப்பார்களா என்று நினைத்தேன். எனக்கு அந்த இடம் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. அதை அப்பாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பாய் சாயங்காலத் தொழுகையை முடித்துவிட்டுத்தான் மேடை ஏறுவார். பாரில் வாசித்தாலும் டீயைத் தவிர ஒன்றும் குடிக்க மாட்டார். கீபோர்டுக்குப் பக்கத்தில் டீ கிளாஸ் வைக்கத் தனியாக ஒரு ஸ்டூல் இருக்கும். முதலில் ஆண் பாடகர் இரண்டு பாட்டுப் பாடினார். விசில், கைத்தட்டல், மேசைத் தாளம். பிறகு என் கையில் மைக்.

முதல் வரியை விட்டதும் என் குரல் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலிருந்தும் புறப்பட்டுப்போய், தோப்பின் மதில் சுவரில் பட்டு, என்னிடமே திரும்பி வந்தது. அதுவரை நான் என் குரலை அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. உடம்பு சிலிர்த்தது. இது நானா என்று திகைத்தபடிதான் இரண்டாவது வரிக்குப் போனேன். அப்போதுதான் கண்ணைத் திறந்து கொட்டகையைப் பார்த்தேன்.

மேசைகளின் மேல் ஒரு கிளாஸ்கூட இல்லை.

சற்று முன்னால் இருந்த கிளாஸ், பாட்டில், சாம்பல் கிண்ணம் ஒன்றையும் காணோம். கடலையும் நெத்திலியும் மட்டும் இருந்தன. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கீழே பார்த்தேன். ஒவ்வொரு மேசைக்கும் அடியில், செருப்புக் கால்களுக்கு நடுவில், மணலில் சொருகி வைத்தாற்போல் கிளாஸ்கள் நின்றன. பல்பு வெளிச்சம் பட்டு அவை மின்னின. பாட்டு முடிகிறவரை ஒரு கையும் கீழே போகவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. முடிந்ததும் கை தட்டினார்கள், அதுவும் விசில் இல்லாமல், பெரிய மனிதர்கள் மாதிரி.

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு இந்த வழக்கம் உண்டு. பெரியவர் முன்னால் குடிக்க மாட்டார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பி ஒரே பாருக்கு வந்துவிட்டால், ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கொட்டகை முழுவதும், எனக்காக, ஒரு பெண் பாடுகிறாள் என்பதற்காக, குடியைக் கீழே வைத்தது என்றால் நான் என்னவென்று சொல்ல. கண் கலங்கிவிட்டது. கோயிலில் பாடியபோது முன்வரிசையில் புடவை விலை பேசிக்கொண்டிருந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். ஆவடித் தொழிற்சாலைக்காரர்கள் பாதிதான் இருப்பார்கள். மீதிப் பேர் லாரி டிரைவர்கள், மனை புரோக்கர்கள், போரூர்ப் பக்கத்து வியாபாரிகள். முதல் வாரம் விழித்த அவர்களும், என்ன ஏது என்று கேட்காமலே, மற்றவர்களைப் பார்த்துத் தாங்களும் கிளாஸைக் கீழே இறக்கப் பழகிவிட்டார்கள். ஆண் பாடகர் பாடும்போது அப்பா எழுந்து வாசல் பக்கம் காலாற நடக்கப் போவார். அந்த நேரத்தில் மொத்தக் கொட்டகையும் அவசர அவசரமாகக் குடிக்கும். நான் மைக்கைத் தொட்டதும் அப்பா வந்து உட்காருவார். கிளாஸ்கள் மணலுக்குப் போகும். இந்த இரண்டையும் நான் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை. கர்வம் கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை, மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனேன். கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம் ஓட்டல் முதலாளி பாயிடம் பேசிக்கொண்டிருந்தார். முதலாளி நல்ல மனிதர். நான் பாடும்போது கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொள்வார்.

"பாப்பா கொரலு தேனு, பாய். அத்த நான் இல்லன்னு சொல்லல. ஆனா பாப்பா மைக்கப் புட்ச்சா கொட்டா முச்சூடும் கோயிலாப் பூடுது. எவனும் கிளாஸத் தொட மாட்றான், எவனும் ஆர்டர் சொல்ல மாட்றான். சும்மா கடலய மென்னுகினு உக்காந்துகினு கீறான். கடைய நான் எப்டி நடத்தறது?"

"இன்னா செய்யலாங்கிற, நைனா?"

"அடுத்த வாரம் பாடிட்டுப் போவட்டும். அதோட வுட்ருவோம். வேற பொண்ணு பாத்துக்க."

நன்றாகப் பாடவில்லை என்று அனுப்பினால் அழலாம். மரியாதை கொடுக்கிறார்கள் என்று அனுப்பினால் என்ன செய்வது? எனக்கு வந்தது ஆத்திரம்தான். மீதியிருந்த பாட்டுகளை எப்படிப் பாடினேன் என்று ஞாபகமில்லை.

திரும்பி வரும்போது பூந்தமல்லி தாண்டி அப்பா ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட நிறுத்தினார். மனதில் இருந்ததை அங்கேயே கொட்டிவிட்டேன். "நான் பாடும்போது அவங்க குடிச்சா எனக்கென்ன? யாரு மரியாதை கேட்டா? எனக்கு மரியாதை கொடுத்தே என்னை வெளியே தள்ளுறாங்கப்பா."

அப்பா பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ மூடியாகிவிட்டது.

"ஒனக்காக ஒளிக்கலட்டி," என்றார் கடைசியில். "எனக்காக ஒளிக்காங்க."

என் கர்வம் அந்தப் பெட்ரோல் பங்கிலேயே இறங்கிவிட்டது. அவர் சொன்னதும் எல்லாம் விளங்கியது. அவர் நடக்கப் போனால் குடி, அவர் உட்கார்ந்தால் மணல். கிளாஸைக் கீழே வைத்தது என் பாட்டுக்கு இல்லை, காலையில் வாடையோடு வந்தவனை ஒரு வார்த்தை அதட்டாமல் வீட்டுக்கு அனுப்பிய மனிதருக்கு. எழுந்து போவதும் மரியாதைக் குறைவு, குடிப்பதும் மரியாதைக் குறைவு என்று அவர்கள் தவித்திருக்கிறார்கள். அவரை வராதே என்று சொல்லவும் முடியாது. அவர் வராவிட்டால் அம்மா என்னை விட மாட்டாள். அவர் வந்தால் முதலாளி என்னை விட மாட்டார். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் பாட்டு முடிந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஸ்டோரில் இரண்டு முறை தப்பான அளவு போல்ட்டை எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அப்பா எப்போதும் போல வெள்ளை அரைக்கைச் சட்டை, தலையில் படிய எண்ணெய். முன் மேசையில் உட்கார்ந்தார். பாய் என்னைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தே தலையசைத்தார். நான் பாட வேண்டியது ஒரு பழைய தாலாட்டுப் பாட்டு. பல்லவியை எடுத்ததும் வழக்கம் போல் கைகள் மேசைக்கு அடியில் இறங்கின. ஆற்றுமணல் என்பதால் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு என்னைத் துரத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது அப்பா கையைத் தூக்கினார்.

பரிமாறுகிறவர் ஓடி வந்தார். வழக்கமாக அப்பா கேட்பது சோடா. அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து உள்ளே திரும்பப் போனவரை நிறுத்தி, பக்கத்து மேசைகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அப்பா சொன்னார்: "ஒரு பீர் கொண்டாப்பா."

பரிமாறுகிறவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பாயைப் பார்த்தார். பாயின் விரல் ஒரு தப்பான கட்டையில் விழுந்தது. அத்தனை வருஷத்தில் அவர் தப்பாக வாசித்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் மட்டும் பாடிக்கொண்டே இருந்தேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்பதால்.

பாட்டில் வந்தது. அப்பாவுக்கு அதை ஊற்றத் தெரியவில்லை. மோர் ஊற்றுகிற மாதிரி செங்குத்தாகக் கவிழ்த்தார். நுரை பொங்கி, கிளாஸைத் தாண்டி, மேசையில் ஓடி, அவர் மடியில் சொட்டியது. திகைத்துப்போய்ப் பாட்டிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எந்த இயந்திரத்தையும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிற மனிதர், ஒரு பாட்டிலின் முன்னால் முழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் கனத்தது.

இரண்டாவது மேசையிலிருந்து ஒருவர் எழுந்தார். அப்பாவின் பிரிவு ஃபிட்டர், நரை விழுந்தவர். அப்பா அதிக முறை வீட்டுக்கு அனுப்பியது அவரைத்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மெதுவாக வந்து அப்பாவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கினார்.

"சாச்சுப் புடிக்கணும் சார்," என்றார். கிளாஸைச் சாய்த்து, ஓரமாக, நுரை எழாமல் ஊற்றினார். கல்யாணப் பந்தியில் சம்பந்திக்குப் பரிமாறுகிறவர்போல் ஒரு கையால் மறு கையைத் தாங்கிக்கொண்டு ஊற்றினார்.

அப்பா எடுத்து ஒரு வாய் குடித்தார். விளக்கெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகம் சுருங்கியது. விழுங்கினார். கிளாஸை மணலில் இறக்கவில்லை. மேசையின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், கொஞ்சம் நகர்த்திச் சரிபார்த்து வைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு என் பாட்டைக் கேட்க ஆரம்பித்தார்.

முதல் 'டொக்' நரை விழுந்த ஃபிட்டரின் மேசையிலிருந்து வந்தது. தகர மேசையில் கிளாஸ் வைக்கிற சத்தம். அப்புறம் பின்னால் ஒன்று. இடது பக்கம் இரண்டு. நான் சரணத்துக்குள் போயிருந்தேன். கொட்டகை முழுவதும் டொக் டொக் என்று மணலிலிருந்து கிளாஸ்கள் மேலே வந்துகொண்டிருந்தன, கடைசி மூலை லாரி டிரைவர்கள் வரைக்கும். ஒவ்வொன்றிலும் சீரியல் பல்பின் பச்சையும் சிவப்பும் மின்னின. தபேலாக்காரர் தாளத்தை ஒரு நொடி விட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பிடித்தார். அதற்குப் பிறகு எத்தனையோ மேடைகள் ஏறிவிட்டேன். அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததே இல்லை. உயிரோடு இருக்கிறவரை இனிப் பார்க்கவும் மாட்டேன். பாட்டு முடிந்ததும் விசில் பறந்தது. எனக்குக் கிடைத்த முதல் விசில் அது.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து பாயின் ஸ்டூலில் புது டீ ஒன்றை வைத்தார். "அடுத்த வாரமும் பாப்பாவே பாடட்டும்" என்றார். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவர் எதைக் கொடுத்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. திங்கட்கிழமை விடிந்தால் தொழிற்சாலை முழுக்க, குவார்ட்டர்ஸ் முழுக்க, சார்ஜ்மேன் சார் பாரில் உட்கார்ந்து குடித்தார் என்று பேச்சாகிவிடும். வாடையோடு வருகிறவனை இனி அவர் எந்த வாயால் வீட்டுக்கு அனுப்புவார்? வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்த பெயரை அந்த மேசையின் நடுவில் வைத்துவிட்டு வந்திருந்தார். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் ஒரு பெட்டிக்கடையில்கூட அவர் நிற்கவில்லை, வாடைக்கு ஒரு பாக்கு வாங்கவில்லை. மறைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

கதவைத் திறந்ததும் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. சட்டையிலும் வேட்டியிலும் அப்படி ஒரு வாடை.

"குடிச்சீங்களா?"

"ஆமா."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அது. "எதுக்கு?" என்றாள். சண்டை போடும் குரல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தார்.

"அவ பாடணும்லா."

அம்மா உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவே இல்லை. அடுத்த சனிக்கிழமை காட்டுப்பாக்கத்தில், அப்பா முன் மேசையில் உட்கார்ந்து, பீர் வரவழைத்து, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து நுரை எழாமல் ஊற்றி, ஒரே ஒரு வாய் குடித்து, நடுவில் வைத்தார். கிளாஸ்கள் மேசை மேலேயே இருந்தன. நான் பாடினேன். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டவர், ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நாலு கிராம்பு. அதை மடித்து வைத்தது அவர் இல்லை, நானும் இல்லை.